கண்ணாடிச் சீட்டில் மூன்று எண்கள்

(மன்றத்தின் அங்கத்தவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விஞ்ஞானப் பொருள் ஒன்றைப் பற்றி யாவர்க்கும் விளங்கும் வகையிற் பேசவேண்டுமென்று செயலாளர் எம்மைக் கேட்டுக்கொண்டார். அணுவைப் பற்றியும் அண்டத்தைப் பற்றியும் பேசுதற்கு அறிஞர் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மூக்கின்மேல் இருப்பது. முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களுள் கண்ணாடி அணியாதவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். பின்வரிசை இளைஞரிலும் அணிந்தோர் தொகை குறைவன்று. ஆயினும், தாம் பணங் கொடுத்து வாங்கிய அக் கண்ணாடியின் சீட்டில் எழுதப்பட்டிருக்கும் எண்கள் யாவை, அவற்றின் பொருள் என்ன என்று வினவினால், விடை கூறுவோர் மிகச் சிலரே. சீட்டைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வருவதோடு நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம்.

அச் சீட்டிலே ஒரு கண்ணுக்கு எதிரே பெரும்பாலும் மூன்று எண்கள் இருக்கும். எடுத்துக்காட்டாக, வலக்கண்ணுக்கு −1.00, −2.00, 30 என்று இருப்பதாகக் கொள்வோம். முதலாவது 'ஸ்பியர்', அதாவது கோள வலு. இரண்டாவது 'சிலிண்டர்', அதாவது உருளை வலு. மூன்றாவது அவ்வுருளையின் அச்சு எத்தனை பாகையிற் சாய்ந்து நிற்கவேண்டும் என்பது. இப்பொழுது ஒரு கேள்வி. இந்தக் கண்ணாடிக்கு மேல்கீழான திசையில் வலு எவ்வளவு? −1.00 என்று சிலர் சொல்வர். இரண்டையுங் கூட்டி −3.00 என்று வேறு சிலர் சொல்வர். இரண்டுஞ் சரியல்ல. சரியான விடை −2.50. அது எவ்வாறு வந்தது என்பதும், அதை அறிவதனால் நமக்கு ஆவது என்ன என்பதுமே இன்றைய பேச்சு.

வலு என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். குவிவில்லை ஒன்று வெயிலை 1 மீற்றர் தூரத்திற் குவித்தால் அதன் வலு 1 டயொப்டர். அரை மீற்றரிற் குவித்தால் 2. கால் மீற்றரில் 4. குவியத்தூரத்தை மீற்றரில் எடுத்து 1ஐ அதனாற் பிரித்தால் வலு வரும். ஒளியைக் குவிக்காது விரிக்கும் குழிவில்லைக்குக் கழித்தற் குறி இடுவர். இந்த அலகை 1872இல் முன்மொழிந்தவர் மொனோயே என்னும் பிரெஞ்சு மருத்துவர். அதற்கு முன்னர் வில்லைகளை அங்குலக் கணக்கிற் பெயரிட்டு வந்தனர். இரண்டு வில்லைகளை ஒன்றாக வைத்தால் வருவது என்ன என்று அறியப் பின்னங்களோடு போராட வேண்டியிருந்தது. டயொப்டர் வந்தபின் அது வெறுங் கூட்டல் கழித்தலாயிற்று. நல்ல அலகு ஒன்று வந்தாற் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இனி உருளைக்கு வருவோம். கண்ணின் முன்புறத்தில் உள்ள தெளிந்த படலம் எல்லாருக்கும் பந்தின் ஒரு துண்டுபோல் ஒழுங்காக இருப்பதில்லை. பலருக்கு அது ஒரு திசையிற் கூடுதலாகவும் அதற்குக் குறுக்கான திசையிற் குறைவாகவும் வளைந்திருக்கும். கோழிமுட்டையைப் படுக்கவைத்து அதன் பக்கத்தைப் பார்த்தால் இது விளங்கும். அத்தகைய கண்ணிலே ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி ஒரு புள்ளியிற் குவியாது. ஓரிடத்தில் ஒரு கோடாகவும், சற்று அப்பால் அதற்குக் குறுக்கான மற்றொரு கோடாகவும் குவியும். இதனையே அஸ்டிக்மாட்டிசம் என்கிறார்கள்.

இக்குறையைத் தம் சொந்தக் கண்ணிலேயே கண்டு 1801இல் எழுதியவர் தோமஸ் யங். ஒளி அலையாகச் செல்வது என்று காட்டிய அதே யங்தான். குறை முன்படலத்தில் இருக்கிறதா, உள்ளே உள்ள வில்லையில் இருக்கிறதா என்று அறிய அவர் செய்த பரிசோதனை வியக்கத்தக்கது. கண்ணை நீரோடு சேர்த்து வைத்து முன்படலத்தின் வலுவைப் பெரும்பாலும் இல்லாமற் செய்துவிட்டுப் பார்த்தார். குறை அப்படியே நின்றது. ஆகவே, தம் கண்ணைப் பொறுத்தவரை அது உள்வில்லையில் உள்ளது என்று முடிவு செய்தார். ஆனால் அவர் அதற்குக் கண்ணாடி எதுவுஞ் செய்துகொள்ளவில்லை. அதைச் செய்தவர் ஜோர்ஜ் எயறி என்பவர். பிற்காலத்தில் இங்கிலாந்தின் அரச வானியலறிஞராக விளங்கிய அவருக்கு 1825இல் வயது இருபத்தைந்தும் நிரம்பவில்லை. படிக்கும்போது தம் இடக்கண் தொழிற்படவேயில்லை என்பதை அவர் கவனித்தார். அட்டையில் ஊசியால் துளையிட்டு, அவ்வொளிப்புள்ளியை முன்னும் பின்னும் நகர்த்தி, எந்தத் தூரங்களில் அது கோடாகிறது என்று அளந்தார், கணக்கிட்டார், ஒரு பக்கம் கோளமும் மறுபக்கம் உருளையுமான வில்லை ஒன்றை இப்சுவிச் நகரத்துக் கண்ணாடி வினைஞர் ஒருவரைக் கொண்டு செய்வித்து அணிந்தார். நம் மன்றத்து இளைஞர்கள் அந்த வயதையும் அந்த ஊசியையும் அட்டையையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உருளை வில்லை எத்தகையது? கோயில் மண்டபத்து உருண்டைத் தூண் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தூணின் நீளப்பாட்டில் ஓர் அடிமட்டத்தை வைத்தால் அது முழுவதும் ஒட்டிக்கொள்ளும். அத்திசையில் வளைவு இல்லை. குறுக்கே வைத்தால் நடுவில் மட்டுந் தொடும். அத்திசையில் முழு வளைவு. அதுபோலவே, உருளை வில்லைக்கு அச்சின் வழியே வலு இல்லை. அச்சுக்குச் செங்குத்தாக முழு வலு. கண்ணாடியின் நடுவினூடாக ஒரு குறித்த பாகையிற் செல்லும் கோட்டைக் கண்மருத்துவர் 'மெரிடியன்' என்பர். நாம் அதைத் திசைக்கோடு என்று சொல்லிக்கொள்வோம். அச்சுக்கும் குறுக்குக்கும் இடையிலே சாய்வாக நிற்கும் திசைக்கோடுகளில் வலு எவ்வளவு என்பதுதான் நம் வினா.

தூணின்மேல் அச்சோடு ஒரு கோணத்திற் சாய்ந்து சிறிது தூரம் நடந்து செல்லும் எறும்பை எண்ணுங்கள். அது நடந்த தூரத்தில் ஒரு பகுதி நீளப்பாட்டிற் போய்விடுகிறது. அதனால் வளைவு எதுவும் இல்லை. குறுக்காகச் சென்ற பகுதியே தூணின் வளைவினால் எறும்பை உள்ளே இறக்குகிறது. குறுக்காகச் சென்ற தூரம், நடந்த தூரத்தை அக்கோணத்தின் சைனாற் பெருக்க வருவது. வட்டத்திலே உள்ளிறங்கும் அளவு, சிறிய தூரங்களுக்கு, குறுக்குத் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே, சாய்ந்த திசையின் வளைவு, முழு வளைவைச் சைனின் வர்க்கத்தாற் பெருக்க வருவதாகும். இவ்வளவே நிறுவல். வளைந்த பரப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவான இதன் முழு வடிவத்தை 1760இல் எழுதியவர் ஒயிலர். வலக்கண்ணின் பார்வையை இளமையிலேயே இழந்து, முதுமையில் மற்றக் கண்ணும் மங்கிய நிலையிலும் கணிதம் எழுதிக்கொண்டேயிருந்த மனிதர் அவர். மூக்குக்கண்ணாடிக் கணக்கின் அடியில் அவர் பெயர் இருப்பது எமக்கு எப்பொழுதும் ஒருவித நெகிழ்ச்சியைத் தருவது.

எனவே விதி இது: வேண்டிய திசைக்கோட்டின் வலு, சீட்டின் முதலெண்ணோடு, இரண்டாம் எண்ணை (திசைக்கோட்டுக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட கோணத்தின் சைனினது வர்க்கத்தாற்) பெருக்கி வருவதைக் கூட்டப் பெறப்படும். நம் எடுத்துக்காட்டில் அச்சு 30. மேல்கீழ்த் திசை 90. இடைக்கோணம் 60 பாகை. சைன் 60இன் வர்க்கம் முக்கால். −2.00இன் முக்கால் −1.50. அதனோடு −1.00ஐக் கூட்ட −2.50. கிடைத்திசைக்கு, அதாவது 180க்கு, இடைக்கோணம் 30 பாகை என்று கொண்டாற் போதும், சைனின் வர்க்கம் கால், விடை −1.50.

பாகைகளை எண்ணும் முறையையும் சொல்லிவிட வேண்டும். கண்ணாடி அணிந்தவரை எதிரே நின்று பார்ப்பவரின் வலக்கைப் பக்கத்திலிருந்து தொடங்கி, மணிக்கூட்டு முள் ஓடும் திசைக்கு எதிராக 180 வரை எண்ணுவர். இரண்டு கண்ணுக்கும் ஒரே முறைதான். கிடையை 0 என்று எழுதாமல் 180 என்றே எழுதுவது வழக்கம்.

இங்கே இளைஞர் பலர் தவறும் இடம் ஒன்றுண்டு. 30 பாகை 90இல் மூன்றிலொன்று. ஆகவே வலுவும் மூன்றிலொன்று என்று நேர்விகிதத்திற் போய்விடுவர். மூன்றிலொன்று அன்று, காலே. 45இல் அரை, 60இல் முக்கால், 90இல் முழுமை. இந்த நான்கையும் மனத்தில் வைத்திருந்தால் வாய்ப்பாடு இன்றியே பெரும்பாலான கணக்குகளை மதிப்பிட்டுவிடலாம். சரிபார்ப்பதற்கும் ஒரு வழி உண்டு. ஒன்றுக்கொன்று செங்குத்தான எந்த இரு திசைக்கோடுகளை எடுத்தாலும் அவற்றின் வலுக்களின் கூட்டுத்தொகை மாறாது. மேலே −2.50உம் −1.50உம் சேர்ந்து −4.00. அச்சிலும் அதன் குறுக்கிலும் பார்த்தால் −1.00உம் −3.00உம், அதுவும் −4.00. சிலரது சீட்டில் இதே கண்ணாடி −3.00, +2.00, 120 என்று எழுதப்பட்டிருக்கும். வேறு கண்ணாடி கொடுத்துவிட்டார்கள் என்று பதற வேண்டியதில்லை. 90இல் கணக்கிட்டுப் பாருங்கள்: இடைக்கோணம் 30, கால் பங்கு, +0.50, −3.00ஓடு கூட்ட −2.50. ஒரே வில்லைக்கு இரண்டு எழுத்து முறை.

இனி, இதனால் ஆவது என்ன என்று கேட்கும் பெரியோர்களுக்கு வருவோம். ஒருவருக்கு வலக்கண் −2.00, −2.00, அச்சு 180. இடக்கண் −2.00, −2.00, அச்சு 90. இரண்டு கண்ணும் ஒன்றுபோலத்தானே என்று தோன்றும். மேல்கீழ்த் திசையிற் கணக்கிடுங்கள். வலக்கண்ணுக்கு −4.00, இடக்கண்ணுக்கு −2.00. சரியாக இரு மடங்கு. நேரே பார்க்கும்போது இதனால் இடரில்லை. ஆனால் புத்தகம் படிக்கக் கண்ணைத் தாழ்த்தும்போது வில்லையின் நடுவை விட்டு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் கீழே பார்க்கிறோம். நடுவை விட்டு விலகினால் வில்லை அரியம்போலத் தொழிற்பட்டு ஒளியைத் திருப்பும். எவ்வளவு திருப்பும் என்பதற்கு நியூயோர்க் நகரத்துக் கண்ணாடி வல்லுநராகிய பிரென்ரிஸ் தந்த விதி மிக எளியது: விலகிய தூரத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்து வலுவாற் பெருக்குக. வருவது அரிய டயொப்டர். 1 மீற்றருக்கு 1 சென்ரிமீற்றர் இடப்பெயர்ச்சி என்பது அதன் பொருள். இந்த அலகையும் 1890இல் அவரே வகுத்தார்.

ஆகவே, நம் அன்பருக்கு வலக்கண்ணில் 4, இடக்கண்ணில் 2. வேறுபாடு 2 அரிய டயொப்டர். புத்தகம் 40 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்தால், வலக்கண் காணும் வரி இடக்கண் காணும் வரியைவிட 8 மில்லிமீற்றர் மேலே நிற்கும். பத்திரிகையின் இரு வரிகளுக்கு இடையிலுள்ள தூரத்திலும் அது பெரிது! கண்கள் இரண்டும் பக்கவாட்டில் ஒன்றையொன்று விலகவும் நெருங்கவும் நன்கு பழகியவை. ஒன்று மேலும் மற்றது கீழுமாகச் செல்ல அவற்றுக்கு வலிமை மிகக் குறைவு. சிலருக்கு வரி இரட்டையாகத் தெரியும். வேறு சிலருக்கு இரட்டையாகத் தெரியாது. கண் இழுபட்டு, பத்து நிமிடத்திற் தலையிடியும் அயர்ச்சியும் வரும். நெடுநாள் பழகியவர்களுக்கு ஒன்றுந் தெரியாமலும் போகலாம். தூரப்பார்வைக் கண்ணாடி மட்டும் அணிந்தவர் கண்ணைத் தாழ்த்தாது தலையைத் தாழ்த்தித் தப்பிக்கொள்வார். இரட்டைப் பார்வைக் கண்ணாடி, அதாவது கீழே படிப்பதற்குத் துண்டு வைத்த கண்ணாடி அணிந்த முதியவருக்கு அந்த வழியும் இல்லை. அவர் கீழேதான் பார்த்தாக வேண்டும். வயதாகிவிட்டது, இனிப் படிக்க முடியாது என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்ட முதியவர்களுள் எத்தனை பேருக்குத் தடை வயது அன்று, இந்த 8 மில்லிமீற்றர்தானோ என்று எண்ணும்போது மனம் வருந்துகிறது. பரிகாரம் இல்லாத குறையுமன்று இது. படிப்பதற்கென்று நடுவைத் தாழ்த்திய தனிக் கண்ணாடி செய்யலாம். ஒரு வில்லையின் கீழ்ப்பகுதியை அரியமாகத் தீட்டி ஈடுசெய்யலாம். ஆனால் பரிகாரத்தைக் கேட்பதற்கு முன் குறை இன்னதென்று தெரியவேண்டும்.

அச்சு திரும்பிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் இதே விதி காட்டும். நாம் அறிந்த பெரியவர் ஒருவர், புதிதாகச் செய்வித்த வட்டக் கண்ணாடியை அணிந்தால் முற்றத்துப் படி ஒருபக்கம் சரிந்து தெரிகிறது என்று சொல்லிப் பழைய கண்ணாடியையே நூலாற் கட்டி அணிந்துகொண்டிருந்தார். வீட்டார் அதை முதுமையின் பிடிவாதம் என்றனர். பார்த்தபோது, சட்டத்தின் ஆணி தளர்ந்து வில்லை உள்ளே சுழன்றிருந்தது. வட்டச் சட்டத்துக்கு உரிய குறை இது. சதுரச் சட்டத்தில் வில்லை சுழல இயலாது. உருளை −2.00, அச்சு 180இல் நிற்க வேண்டியது 30க்குத் திரும்பிவிட்டது என்று கொள்வோம். 60 பாகைத் திசைக்கோட்டில் வேண்டியது −1.50, கிடைத்தது −0.50. 150 பாகைத் திசைக்கோட்டில் வேண்டியது −0.50, கிடைத்தது −1.50. ஒரு திசையில் 1.00 கூடுதல், குறுக்கே 1.00 குறைவு, ஆக 2.00 டயொப்டர் அஸ்டிக்மாட்டிசம் மீதி நிற்கிறது. அதாவது, உருளையே இல்லாத கண்ணாடியை அணிந்திருந்தால் எவ்வளவு குறை இருக்குமோ அவ்வளவும் இருக்கிறது, வேறொரு சாய்விலே! 10 பாகை திரும்பினாலே அவ்வுருளையில் மூன்றிலொன்றுக்குச் சற்று மேலான பங்கு வீணாகிவிடும். சிலிண்டர் எண் பெரிதாக உள்ளவர்கள் சட்டத்தின் ஆணியைக் கவனிக்க வேண்டும்.

வில்லை சுழன்றிருக்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கண்ணாடியைக் கைநீட்டிப் பிடித்து, வில்லையினூடாகச் சன்னற் கம்பி ஒன்றை நோக்குங்கள். வில்லையைத் தன் இடத்திலேயே மெல்லச் சுழற்றுங்கள். கோள வில்லையானால் கம்பி அசையாது நிற்கும். உருளை கலந்திருந்தால் வில்லைக்குள் தெரியும் கம்பித் துண்டு, வெளியே தெரியும் கம்பியோடு ஒட்டாது கத்தரிக்கோல்போற் சாயும். அது வெளிக்கம்பியோடு ஒரே நேராக வரும் நிலையில் அச்சோ அதன் குறுக்கோ கம்பியின் வழியே நிற்கிறது. பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை.

இந்தச் சாய்வைக் கூர்ந்து நோக்கினால், நாம் சொன்ன விதிக்கு உள்ள எல்லையும் தெரியவரும். சாய்ந்த திசைக்கோட்டில் −2.50 என்று கணக்கிட்டோமே, அத்திசையில் ஒளி −2.50 வில்லையிற் போலக் குவியும் அல்லது விரியும் என்று கருதிவிடக் கூடாது. அச்சிலும் குறுக்கிலும் மட்டுமே ஒளி அந்தக் கோட்டின் வழியே திரும்பும். இடையிலுள்ள திசைக்கோடுகளிலே அது பக்கவாட்டிலும் விலகும். அவ்விலகலின் அளவு, உருளை வலுவைச் சைனாலும் கோசைனாலும் பெருக்க வருவது. நம் முதல் எடுத்துக்காட்டில், நடுவுக்கு 1 சென்ரிமீற்றர் கீழே பார்த்தால் மேல்கீழாக 2.50 அரிய டயொப்டரும், அதோடு பக்கவாட்டில் ஏறக்குறைய 0.87உம் உண்டாகும். முன்னையதற்கு நம் விதி முற்றிலுஞ் சரி. பின்னையதை அது சொல்லாது. கம்பி சாய்ந்து தெரிவதும் இப் பின்னையதாலேதான். பாடப்புத்தகங்களிலே சில இதனைச் சொல்லாமல் விட்டுவிடுவது எமக்கு உடன்பாடன்று. விதியைக் கற்பிப்பவர் அது எங்கே நிற்கும் என்பதையும் கூடவே கற்பிக்க வேண்டும்.

வில்லையின் விளிம்புத் தடிப்பும் திசைக்கோட்டின் வலுவைப் பொறுத்ததே. மேலே சொன்ன இடக்கண் வில்லைக்குக் கிடைத்திசையில் −4.00; சாதாரண பிளாஸ்டிக்கில் நடுவிலிருந்து 25 மில்லிமீற்றர் தூரத்தில் விளிம்பு நடுவைவிட ஏறக்குறைய 2.5 மில்லிமீற்றர் தடிக்கும். மேல்கீழாகவோ −2.00தான், தூரமுங் குறைவு, தடிப்பு அரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல். காதோரம் தடித்துத் தெரிகிறதே என்று குறைப்படுவோர், பெரிய சட்டத்தை விட்டுச் சிறிய சட்டத்தைத் தேர்ந்தால் அத்தடிப்பிற் பெரும்பங்கு சட்டத்துக்கு வெளியே வெட்டுண்டு போய்விடும்.

முடிவாக இளைஞர்களுக்கு ஒரு கணக்கு. சீட்டில் உள்ளவை மூன்று எண்கள். ஆகவே மூன்று திசைக்கோடுகளின் வலு தெரிந்தால் சீட்டையே எழுதிவிடலாம். இன்று கண்சிகிச்சை நிலையங்களில் நாடியை வைத்து உள்ளே படம் ஒன்றைப் பார்க்கச் சொல்லும் இயந்திரமும், அடிப்படையில், கண்ணின் வலுவைப் பல திசைக்கோடுகளில் அளந்து இக்கணக்கைச் செய்வதே. 180, 60, 120 ஆகிய மூன்று திசைகளில் வலு முறையே −2.00, −3.50, −3.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றின் சராசரி −3.00. சம இடைவெளியில் எடுத்த மூன்று திசைக்கோடுகளின் சராசரி எப்பொழுதும் முதலெண்ணையும் இரண்டாம் எண்ணின் பாதியையும் கூட்டியதற்குச் சமன். 60இலும் 120இலும் ஒரே வலு இருப்பதால், அச்சு அவ்விரண்டுக்கும் ஒத்த தூரத்தில், 180இலோ 90இலோ நிற்கவேண்டும். மேலே செல்லும் வழியை நாம் சொல்லப்போவதில்லை. கரும்பலகையும் வெண்கட்டியும் இங்கேயே இருக்கின்றன; தேநீர் வருவதற்குள் யாராவது ஒருவர் எழுந்து வந்து எழுதலாம்.